ஆர்ஓ மெம்பரேனைக் கழுவும் முன் ஒரு எலுமிச்சம்பழம்

சேலத்து போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் யார் வீட்டு வாட்டர் ஹீட்டரையாவது கழற்றிப் பார்த்தால் போதும். காயில் மேல் வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும், சுத்தியலால் தட்டினால் பாளம் பாளமாக விழும். ஊரை ஒட்டியே வெள்ளைக்கல் வெட்டும் மலை இருக்கிறது. பக்கத்து ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்றுதான் பெயர். மற்ற இடமெல்லாம் கடும் பாறை. போர் போட்டால் பாறை வெடிப்பில் நெடுநாள் தங்கி, கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்ட தண்ணீர்தான் மேலே வரும். ஹீட்டரில் கட்டும் அந்த ஓடு, தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ மெம்பரேனுக்குள்ளும் கட்டும். ஒரே வித்தியாசம், மெம்பரேனைச் சுத்தியலால் தட்ட முடியாது.

மணிக்கு 250 லிட்டரிலிருந்து 2000 லிட்டர் வரை தரும் சின்ன ஆர்ஓ பிளான்ட்டைப் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹாஸ்டல், திருமண மண்டபம், பள்ளிக்கூடம், கேன் தண்ணீர் போடும் இடம் எல்லாம் இதில் அடங்கும். வீட்டுச் சுவரில் மாட்டும் ஃபில்டரில் உள்ள சின்ன மெம்பரேனை மருந்து போட்டுக் கழுவாதீர்கள். அதற்குச் செலவாகும் மருந்து, நேரம், ஆபத்து எல்லாவற்றையும் கூட்டினால் புது மெம்பரேனே லாபம். வீட்டு மெம்பரேனை எலுமிச்சை உப்பில் ஊற வைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. ஊற வைத்தால் மேலோட்டமாகக் கொஞ்சம் கரையும், சுருளுக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

நான் பார்த்த வரையில் மெம்பரேன் அடைப்பால் சாவதைவிட, அவசரப்பட்டுக் கழுவியதால் செத்ததுதான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி, கழுவுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைப் பற்றித்தான்.

முதலில் நோட்டுப் புத்தகம்

மெம்பரேன் என்பது சுருட்டி வைத்த பாய் மாதிரி. உப்பைத் தடுக்கும் பாலிஅமைடு தோலின் தடிமன் சுமார் 0.2 மைக்ரான். இரண்டு தாளுக்கு நடுவே தண்ணீர் ஓடுவதற்கு வலை வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சேறு, பாசி, உப்பு எது வந்தாலும் அந்த வலையில்தான் மாட்டும்.

பிளான்ட் புதிதாக ஓடிய நாளில், அல்லது புது மெம்பரேன் போட்ட நாளில், இவற்றை எழுதி வைத்திருக்க வேண்டும்: உள்ளே போகும் பிரஷர், ரிஜெக்ட் (உப்போடு வெளியே போகும் கழிவுத் தண்ணீர்) பக்கத்துப் பிரஷர், மணிக்கு எத்தனை லிட்டர் நல்ல தண்ணீர், எத்தனை லிட்டர் ரிஜெக்ட், போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு), நல்ல தண்ணீரின் டிடிஎஸ், தண்ணீரின் சூடு. இது இல்லாமல் பிளான்ட்டைக் கையில் வாங்கியிருந்தால் இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள். ரிஜெக்ட் பக்கம் பிரஷர் காட்டும் கேஜ் இல்லையென்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

நல்ல தண்ணீர் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தாலோ, உள்ளே போகும் பிரஷருக்கும் ரிஜெக்ட் பிரஷருக்கும் உள்ள வித்தியாசம் 15 சதவீதம் ஏறியிருந்தாலோ, நல்ல தண்ணீரில் உப்பு 10 சதவீதம் கூடியிருந்தாலோ கழுவும் நேரம் வந்துவிட்டது. பாதியாகக் குறையும் வரை காத்திருந்து கழுவினால் பெரும்பாலும் திரும்பி வராது. ஓடு இறுகிவிடும், பாசி தடித்துவிடும்.

ஆனால் இந்தக் குறைச்சல் நிஜமான குறைச்சலா என்று பார்க்க வேண்டும். ஏற்காட்டில் ஒரு விடுதியிலிருந்து டிசம்பர் கடைசியில் கூப்பிட்டார்கள். “மழைக்காலத்தில் மணிக்கு 1000 லிட்டர் வந்தது, இப்போது 700தான் வருகிறது, ஆசிட் வாஷ் போட்டுத் தாருங்கள்” என்றார்கள். மேலே போய்த் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்தேன், 15 டிகிரி. அவ்வளவுதான் விஷயம். தண்ணீர் குளிர்ந்தால் கெட்டிப்படும், மெம்பரேனுக்குள் நுழைவது குறையும். தோராயமாக ஒரு டிகிரிக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 25 டிகிரியில் 1000 லிட்டர் தரும் மெம்பரேன் 15 டிகிரியில் 700 லிட்டர்தான் தரும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் மார்கழி மாதம் அது இயற்கை. மிளகு போட்டு ஒரு டீ குடித்துவிட்டு, மெம்பரேனில் கை வைக்காமல் இறங்கி வந்துவிட்டேன். போன செலவை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

கீழே சேலத்தில் இதற்கு நேர்மாறு. ஏப்ரலில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கை சுடும். அப்போது மெம்பரேன் அடைத்துக்கொண்டே வந்தாலும், சூட்டினால் தண்ணீர் வரத்து குறையாமல் தெரியும். மழை வந்து குளிர்ந்ததும் திடீரென்று விழும். “நேற்று வரை நன்றாக ஓடியது சார்” என்பார்கள். நேற்று வரை ஓடவில்லை, மூன்று மாதமாக அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

இன்னொரு ஏமாற்று, போர் தண்ணீரின் உப்பு. கோடையில் நீர்மட்டம் இறங்கினால் டிடிஎஸ் ஏறும். 1000 பிபிஎம் (லிட்டருக்கு 1000 மில்லிகிராம்) கூடினால் கிட்டத்தட்ட முக்கால் கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷர் அந்த உப்பை எதிர்க்கவே செலவாகும். சில நாள் மேட்டூர் தண்ணீரும் சில நாள் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலந்து விடுபவர்கள், எந்த நாள் எதை விட்டோம் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

அடைத்திருப்பது எது?

சரி, குறைச்சல் நிஜம்தான் என்று ஆகிவிட்டது. இனி என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பம்பை நிறுத்தி, மெயின் சுவிட்சை இறக்கி, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் ஹவுசிங்கின் (மெம்பரேன் உட்காரும் குழாய்) எண்ட் கேப்பில், அதாவது முனை மூடியில், கை வைக்க வேண்டும். 10 கிலோ பிரஷரில் இருக்கும் மூடி கழன்றால் ஆளையே தூக்கி எறியும்.

தண்ணீர் முதலில் நுழையும் ஹவுசிங்கின் நுழைவாயில் பக்கத்தையும், கடைசி ஹவுசிங்கின் ரிஜெக்ட் பக்கத்தையும் திறந்து பாருங்கள். இரண்டும் இரண்டு கதை சொல்லும். சேறு, துரு, பாசி எல்லாம் முன்னாலேயே மாட்டிவிடும். உப்பு ஓடு கடைசியில்தான் கட்டும், ஏனென்றால் தண்ணீர் போகப் போக நல்ல தண்ணீர் பிரிந்து, மிச்சம் கெட்டியாகிக்கொண்டே வருகிறது.

முன்பக்கத்தை விரலால் தடவுங்கள். வழவழவென்று சளி மாதிரி வந்து, குளத்து நாற்றம் அடித்தால் பாசியும் கிருமிப் படலமும். காவி நிறத்தில் விரலில் ஒட்டினால் துரு. நறநறக்காமல் களிமண் மாதிரி வந்தால் சேறு, சாண்ட் ஃபில்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கடைசி மெம்பரேனை வெளியே எடுத்துத் தண்ணீர் வடிய விட்டுத் தூக்கிப் பாருங்கள். முதல் மெம்பரேனைவிடக் கனமாக இருந்தால் உள்ளே ஓடு இருக்கிறது. எடுக்கும்போது தண்ணீர் ஓடும் திசையிலேயே தள்ளி எடுக்க வேண்டும், எது முன்பக்கம் என்று மார்க்கரால் அம்புக்குறி போட்டு வைக்க வேண்டும்.

இப்போது எலுமிச்சம்பழம். கடைசி மெம்பரேனின் முனையில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்து, பழத்தைப் பிழியுங்கள். சின்னச் சின்னக் குமிழி வந்தால் கால்சியம் கார்பனேட். நல்ல செய்தி, ஆசிட்டில் கரையும். குமிழியே வராமல் அப்படியே கிடந்தால் கால்சியம் சல்பேட்டாகவோ சிலிக்காவாகவோ இருக்கலாம். சல்பேட் ஆசிட்டுக்கு அசையாது, ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் மருந்து) போட்ட காரக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சிலிக்கா கெட்டியாகப் படிந்துவிட்டால் எனக்குத் தெரிந்து புது மெம்பரேன்தான் வழி. சிலிக்காவைக் கரைக்கிற அமிலம் மனிதனின் எலும்பையும் விடாது, அதைப் புதியவர்கள் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

இந்தச் சோதனையைச் சொல்லிக் கொடுத்தால் நம் ஊர்ப் பையன்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: “மலையில் கிடக்கும் வெள்ளைக்கல்லில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஒன்றுமே ஆகவில்லையே அண்ணா?” உண்மைதான். அது மெக்னீசியம் கார்பனேட், குளிர்ந்த லேசான ஆசிட்டுக்கு லேசில் பொங்காது. மெம்பரேனில் கட்டும் கார்பனேட் ஓடு பெரும்பாலும் கால்சியம், அது உடனே பொங்கும்.

காரம் முதலில், ஆசிட் அப்புறம்

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஒரு பிளான்ட்டில் தண்ணீர் பாதியாகியிருந்தது. சேலத்துத் தண்ணீர், உப்புதான் அடைத்திருக்கும் என்று திறந்துகூடப் பார்க்காமல் நேராக ஆசிட் ஓட்டினேன். அன்று சாயங்காலம் முன்பைவிடக் குறைவாக வந்தது. இன்னொரு முறை ஆசிட் ஓட்டினேன், இன்னும் குறைந்தது. பிறகுதான் மூடியைத் திறந்தேன், முன் மெம்பரேன் முழுக்கச் சளி. மேல் தொட்டி மூடியில்லாமல் வெயிலில் கிடந்திருக்கிறது. கிருமிப் படலத்தின் மேல் ஆசிட் பட்டால் பால் திரிந்த மாதிரி அது இறுகிவிடும். அதற்குப் பிறகு காரம் போட்டும் முழுக்க வரவில்லை. நான்கு மெம்பரேனுக்கும் என் கைப்பணம் போயிற்று.

அதனால் வரிசை இதுதான்: முதலில் காரக் கரைசல், அதைச் சுத்தமாக அலசிய பிறகு ஆசிட். சளி துளிகூட இல்லை, வெறும் கார்பனேட் ஓடு அல்லது துரு மட்டும்தான் என்று கண்ணால் பார்த்து உறுதியானால் மட்டும் ஆசிட்டில் ஆரம்பிக்கலாம். சேலத்தில் போர் தண்ணீர் ஓடும் இடங்களில் பாசியும் உப்பும் சேர்ந்தேதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது.

வாங்க வேண்டிய மருந்து அதிகமில்லை. காஸ்டிக் சோடா, டெட்ரா சோடியம் ஈடிடிஏ, சிட்ரிக் ஆசிட், அப்புறம் பிஹெச் பேப்பர் (கரைசல் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று காட்டும் தாள்). மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கடையில் ஈடிடிஏ என்று கேட்டால் டைசோடியம் வகையைக் கொடுத்துவிடுவார்கள். அது தானாகவே புளிப்புப் பக்கம் இருக்கும், காஸ்டிக் அதிகம் கேட்கும். பையில் உள்ள பெயரைப் படித்து வாங்குங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மலிவுதான், ஓட்டையும் வேகமாகக் கரைக்கும். ஆனால் புகையும், எவர்சில்வர் பம்பை அரிக்கும், கொஞ்சம் அளவு தப்பினால் பிஹெச் 1-க்குக் கீழே போய்விடும். முதல் இரண்டு மூன்று வருடம் சிட்ரிக் ஆசிட்டோடு நில்லுங்கள்.

உள்ளே விடவே கூடாதவை சில. பிளீச்சிங் பவுடர், அல்லது குளோரின் உள்ள எந்தச் சாமானும் பாலிஅமைடு தோலைத் தின்றுவிடும். 1 பிபிஎம் குளோரின் 200 முதல் 1000 மணி நேரம் பட்டால் மெம்பரேன் முடிந்தது. பிளீச்சிங் கரைசலில் இருப்பது ஆயிரக்கணக்கான பிபிஎம், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் பவுடர், ஷாம்பு, தரை துடைக்கும் திரவம் வேண்டாம், அவற்றில் சில சோப்பு வகைகள் மெம்பரேனில் ஒட்டினால் திரும்ப வராது. பேட்டரி ஆசிட் வேண்டாம், கால்சியத்தோடு சேர்ந்து கரையாத சல்பேட்டாக மாறும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டும் வேண்டாம், அதில் இரும்பு இருக்கும், மணமும் நிறமும் வேறு சேர்த்திருப்பார்கள்.

மெம்பரேன் கம்பெனி கொடுக்கும் தாளில் பிஹெச், சூடு இரண்டுக்கும் எல்லை போட்டிருக்கும். நான் கீழே சொல்லும் அளவுக்கும் அந்தத் தாளுக்கும் ஒத்துவராவிட்டால் தாள் சொல்வதைக் கேளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்வது

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: தண்ணீரில் ஆசிட்டை ஊற்றலாம், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. காஸ்டிக்குக்கும் அதே சட்டம். தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுச் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளி மட்டும், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று தீப்பற்றும் வாயுவை விடும்.

கண்ணுக்கு நாலு பக்கமும் மூடிய கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, கம் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன். “ரெண்டு நிமிஷ வேலைதானே” என்று கண்ணாடி போடாமல் குனிபவர்களை நான் பக்கத்தில் நிற்க விடுவதில்லை. ஆசிட் பட்டால் எரியும், உடனே கழுவிவிடுவோம். காஸ்டிக் கண்ணில் பட்டால் எரிச்சல் தெரிவதற்குள் உள்ளே இறங்கிவிடும். பட்டால் ஓடும் தண்ணீரில் இமையைப் பிரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குள் இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். அதனால்தான் இந்த வேலையைத் தனி ஆளாகச் செய்யாதீர்கள். குழாய்த் தண்ணீர் நின்றுவிடலாம், ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீரும் ஒரு சொம்பும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் பிளீச்சிங். தொட்டி கழுவ வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடரை அன்றைக்கு அந்த அறையிலேயே வைக்காதீர்கள். ஒரு முறை என் ஷெட்டில் பிளீச்சிங் அளந்த மக்கைக் கழுவாமல் ஆசிட் அளக்க எடுத்துவிட்டேன். மக்கின் அடியில் ஒட்டியிருந்தது ஒரு ஸ்பூன்கூட இருக்காது. பச்சை மஞ்சளாக ஒரு புகை எழுந்தது, அரை மூச்சுதான் இழுத்திருப்பேன். மூன்று நாள் இருமினேன். அது குளோரின் வாயு. கதவு ஜன்னல் திறந்த இடமாக இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இப்போது பிளீச்சிங்குக்கு நீல மக், மற்றதற்கு வெள்ளை மக்.

கழுவும் நாள்

கணக்குக்கு ஒரு 1000 லிட்டர் பிளான்ட்டை எடுத்துக்கொள்வோம். 4040 மெம்பரேன் நான்கு, ஹவுசிங் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாக. நாலு அங்குல அகலம், நாற்பது அங்குல நீளம் என்பதால் ஒரு மெம்பரேன் இருக்கும் இடத்துக்குச் சுமார் 8 லிட்டர் பிடிக்கும். நான்குக்கு 32. குழாய்க்கும் ஃபில்டருக்கும் ஒரு 10, பம்ப் காற்று இழுக்காமல் டிரம்மில் நிற்க ஒரு 18. ஆக 60 லிட்டர் கரைசல். 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வேண்டும்.

ஹை பிரஷர் பம்பால் கழுவக் கூடாது. பிரஷர் கொடுத்தால் நல்ல தண்ணீர் பிரிந்து, அழுக்கு மறுபடி தோலில் அப்பிக்கொள்ளும். கழுவும் வேலைக்கு பிரஷர் குறைவாகவும் ஓட்டம் அதிகமாகவும் தரும் தனி பம்ப் வேண்டும். கேஜ் 4 கிலோவைத் தாண்டக் கூடாது. ஓட்டம் மணிக்கு 2000 லிட்டர் அளவுக்கு வர வேண்டும். மீட்டர் இல்லையா? 20 லிட்டர் தண்ணீர் கேனை ரிஜெக்ட் குழாயில் பிடித்துப் பாருங்கள், 36 விநாடியில் நிறைந்தால் சரியான ஓட்டம். பம்புக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே புது 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஒன்று. ரிஜெக்ட் குழாய், நல்ல தண்ணீர்க் குழாய் இரண்டையும் டிரம்முக்கே திருப்பி விடுங்கள். குழாய் முனை கரைசலுக்குள் மூழ்கியிருந்தால் நுரை வராது. நல்ல தண்ணீர்க் குழாயில் உள்ள வால்வை எந்தக் காரணத்துக்காகவும் மூடாதீர்கள், எதிர்ப்பிரஷர் வந்து ஒட்டு பிய்ந்துவிடும்.

முந்தின நாளே 400 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மருந்து கரைக்கவும் அலசவும் அதுதான். போர் தண்ணீரில் காஸ்டிக் போட்டால் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். அந்த வெள்ளை எல்லாம் கால்சியமும் மெக்னீசியமும். கழுவப் போய்ப் புது அடைப்பை நாமே உள்ளே விட்டதாக ஆகிவிடும்.

சேலத்தில் காலை ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். காரக் கரைசல் 30 டிகிரியைத் தாண்டினால் மெம்பரேனுக்கு ஆகாது, நம் ஊர் மே மாத மதியத்தில் குழாயில் வருவதே 35 டிகிரிக்கு மேல். பம்ப் ஓட ஓடக் கரைசல் இன்னும் சூடாகும், தெர்மாமீட்டரை டிரம்மிலேயே தொங்க விடுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் இதற்கு எதிர்த்திசையில் யோசிக்க வேண்டும், 20 டிகிரிக்குக் கீழே மருந்து சோம்பேறியாகிவிடும். வெந்நீர் கலந்து 25-க்குக் கொண்டு வந்து, மதியம் கழுவுங்கள்.

முதலில் ஆர்ஓ தண்ணீரை மெதுவாக ஓட்டி உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை வெளியேற்றுங்கள். அப்புறம் 60 லிட்டரில் 600 கிராம் ஈடிடிஏ கரையுங்கள். காஸ்டிக் 30 கிராமைத் தனி வாளியில் கரைத்து ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பிஹெச் பாருங்கள். பிஹெச் 12 வரை போகலாம் என்று பல கம்பெனிகள் சொல்லும். புதியவர்கள் 11-க்கும் 11.5-க்கும் நடுவே நின்றுகொள்வது நல்லது. மருந்து முழுக்கக் கரைந்து, டிரம் முழுக்க ஒரே மாதிரி ஆன பிறகுதான் பம்பைப் போட வேண்டும்.

முதல் ஓட்டம் பாதி வேகத்தில், அதாவது கேன் நிறைய 70 விநாடிக்கு மேல் ஆகட்டும். வேகமாக விட்டால் ஒரே நேரத்தில் பெயர்ந்த சளி பின்னால் போய்க் கடைசி மெம்பரேனில் அடைத்துக்கொள்ளும். திரும்பி வரும் முதல் 10, 12 லிட்டரை டிரம்மில் விடாமல் வெளியே வேறு வாளியில் பிடித்துவிடுங்கள், அசிங்கமெல்லாம் அதில்தான் இருக்கும். அதன் நிறத்தைப் பார்த்தால் இத்தனை நாள் இதன் வழியாகவா தண்ணீர் குடித்தோம் என்று தோன்றும்.

அரை மணி நேரம் சுற்ற விட்டு, பம்பை நிறுத்தி, வால்வுகளை மூடி (நல்ல தண்ணீர் வால்வைத் தவிர) ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வரலாம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு. பிறகு முழு வேகத்தில் முக்கால் மணி நேரம். கரைசல் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டால் அது களைத்துவிட்டது. அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்து இன்னொரு சுற்று விட வேண்டும். உள்ளே போகும் பிரஷரும் வெளியே வரும் பிரஷரும் நெருங்கி வருவதைக் கேஜிலேயே பார்க்கலாம்.

அடுத்து ஆர்ஓ தண்ணீரால் அலசல். திரும்பி வரும் தண்ணீரின் பிஹெச்சும் உள்ளே விடும் தண்ணீரின் பிஹெச்சும் ஒன்றாகும் வரை விடக் கூடாது. இங்கே சிக்கனம் பார்த்தால் மிச்சம் இருக்கும் காரம் ஆசிட்டைத் தின்றுவிடும்.

ஆசிட் சுற்றுக்கு 60 லிட்டரில் 1.2 கிலோ சிட்ரிக் ஆசிட். பிஹெச் 2-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதே வரிசைதான்: மெதுவாக உள்ளே, முதல் வாளி வெளியே, அரை மணி ஓட்டம், ஊறல், முழு ஓட்டம். ஆனால் இந்தச் சுற்றில் பிஹெச் பேப்பர் கையிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் வேலை நடக்கிறதா என்று அதுதான் சொல்லும். ஓடு கரையக் கரைய ஆசிட் செலவாகும், பிஹெச் மேலே ஏறும். 2.2-ல் ஆரம்பித்து 2.7 தாண்டினால் 100 கிராம் சிட்ரிக் கரைத்துச் சேருங்கள். மறுபடி ஏறினால் மறுபடி. ஏறாமல் கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் கரைய வேண்டியது கரைந்துவிட்டது. நாலைந்து முறை சேர்த்தும் நிற்கவில்லையென்றால் ஓடு அதிகம். அதே கரைசலை இழுத்துக்கொண்டே போகாமல் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், கால்சியம் அதிகமாகச் சேர்ந்தால் சிட்ரேட்டாகத் திரும்பப் படியும். குமிழி வரும், டிரம் மூடியை இறுக்காதீர்கள்.

துரு மட்டும்தான் பிரச்சினை என்றால் இதே சிட்ரிக் கரைசல்தான். கரைசல் மஞ்சள் பச்சையாக மாறும்.

மறுபடியும் அலசல். பிறகு எண்ட் கேப் ஓ-ரிங்குகளைப் பார்த்து, கிளிசரின் தடவி (எண்ணெயோ கிரீஸோ வேண்டாம்), குழாய்களைப் பழையபடி மாட்டி, குறைந்த பிரஷரில் காற்றை வெளியேற்றிவிட்டு பிளான்ட்டை ஓட்டுங்கள். முதல் ஒரு மணி நேரம் வரும் நல்ல தண்ணீரையும் கீழே விட வேண்டும். டிடிஎஸ், பிஹெச் இரண்டும் பழைய அளவுக்கு வந்த பிறகுதான் குடிக்கும் தொட்டிக்குத் திருப்பலாம். மண்டபத்தில் மறுநாள் முகூர்த்தம் என்று தெரிந்தால் இந்த வேலையை எடுத்துக்கொள்ளவே கூடாது.

கழுவிய கரைசலை என்ன செய்வது

கொட்டிய காரக் கரைசலும் ஆசிட் கரைசலும் இரண்டு டிரம்மில் இருக்கும். ஒன்றில் இன்னொன்றைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கினால் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். பிஹெச் 6-க்கும் 8-க்கும் நடுவே வந்த பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் விடலாம். வெளியேற்றும் கழிவுநீருக்கு அரசு வைத்திருக்கும் எல்லை பிஹெச் 5.5 முதல் 9 வரை. ஆசிட் மிஞ்சினால் சமையல் சோடா போட்டுச் சரி செய்யுங்கள், பொங்கும், மெதுவாகப் போடுங்கள். தென்னை மரத்துக்கு ஊற்றாதீர்கள், கிணற்றுப் பக்கமும் போர் பக்கமும் கொட்டவே கொட்டாதீர்கள். கொட்டினால் அடுத்த மாதம் அதையே பம்ப் போட்டு இழுப்பீர்கள்.

மறுபடி அடைக்காமல்

காரணத்தைச் சரி செய்யாவிட்டால் மூன்று மாதத்தில் மறுபடி இதே வேலை. ஆன்டிஸ்கேலன்ட் (ஓடு கட்டாமல் தடுக்கும் மருந்து) டோசிங் பம்ப் நிஜமாகவே மருந்தை இழுக்கிறதா என்று கேனில் கோடு போட்டுப் பாருங்கள். லைட் எரியும், டிக் டிக் என்று சத்தமும் வரும், ஆனால் காற்றுப் பிடித்து ஒரு சொட்டுகூடப் போகாமல் இருக்கும். இதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். பொதுவாக 3 முதல் 5 பிபிஎம் போதும், 1000 லிட்டருக்கு 3 முதல் 5 கிராம். ரிஜெக்ட் வீணாகிறது என்று வால்வை இறுக்காதீர்கள். நம் ஊர்த் தண்ணீருக்கு அந்த வால்வுதான் மெம்பரேனின் ஆயுள். ரிஜெக்டைக் கழிப்பறைக்கும் வாசல் கழுவவும் பயன்படுத்தினால் வீணே இல்லை.

மேல் தொட்டிக்கு மூடி போடுங்கள். சாண்ட் ஃபில்டரை முறையாக பேக்வாஷ் (எதிர்த்திசையில் தண்ணீர் விட்டுக் கழுவுவது) செய்யுங்கள். ராத்திரி நிறுத்தும் முன் ஐந்து நிமிடம் ஆர்ஓ தண்ணீரால் அலசிவிட்டு நிறுத்துவது பெரிய வித்தியாசத்தைத் தரும். பள்ளி விடுமுறை மாதிரி வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் லிட்டருக்கு 10 கிராம் சோடியம் மெட்டாபைசல்பைட் கலந்து நிரப்பி மூடுங்கள், இல்லாவிட்டால் திறக்கும்போது நாற்றம் அடிக்கும். இந்த மருந்தின் பக்கத்திலும் ஆசிட் வேண்டாம், கந்தக வாயு மூச்சை அடைக்கும். திரும்ப ஓட்டும்போது முதல் ஒரு மணி நேரத் தண்ணீர் இப்போதும் கீழேதான்.

இரண்டு முறை முழுச் சுற்றாகக் கழுவியும் தண்ணீர் வரத்து பழைய அளவில் 80 சதவீதத்தைத் தொடவில்லை என்றால் மூன்றாவது முறை மருந்துக்குப் பணம் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் உப்பும் கூடிக்கொண்டே போகிறது, தண்ணீர் வரத்தும் அதிகரிக்கிறது என்றால் தோல் கிழிந்துவிட்டது, அல்லது குளோரின் தின்றுவிட்டது. அதைக் கழுவ மருந்தே கிடையாது. முதல் மெம்பரேன் மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், நான்கையும் மாற்றச் சொல்பவர்களிடம் ஒவ்வொரு ஹவுசிங்கின் டிடிஎஸ்ஸையும் தனித்தனியாக அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக நோட்டில் ஒரு பக்கம். தேதி, கழுவும் முன் எண்கள், என்ன மருந்து எத்தனை கிராம், எத்தனை முறை சிட்ரிக் சேர்த்தோம், கொட்டிய தண்ணீரின் நிறம், கழுவிய பின் எண்கள், அந்த நேரத்துத் தண்ணீரின் சூடு. என் நோட்டில் ஒரு பக்கத்தில் “எலுமிச்சை: பொங்கியது. காரத்தில் கறுப்பாக வந்தது. சிட்ரிக் 3 தடவை. முன் 760, பின் 940, 28 டிகிரி. மூடி இல்லாத தொட்டி, சொல்லியாச்சு” என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் நாலு மாதம் கழித்து அதே இடம், “மூடி இன்னும் போடவில்லை.”